மூன்று அடி வைத்த பிறகும் அது ஏன் கேட்ச் இல்லை? 2019 ஃபியஸ்டா பௌல் ரீப்ளே தீர்ப்பு பற்றி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் 28 அன்று அரிசோனாவின் க்ளெண்டேலில் நடந்த ஃபியஸ்டா பௌல், அந்த ஆண்டின் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்) அரையிறுதி. மூன்றாவது குவார்ட்டர், க்ளெம்சன் 21, ஒஹாயோ ஸ்டேட் 16. க்ளெம்சனின் ட்ரெவர் லாரன்ஸ் எறிந்த பந்து ஜஸ்டின் ராஸின் கைக்கு வருகிறது. அவர் சில அடிகள் வைக்கும்போதே ஒஹாயோ ஸ்டேட்டின் ஜெஃப் ஒகூடா கையை நுழைத்துப் பந்தைப் பிடுங்கிவிடுகிறார். கீழே கிடந்த பந்தை ஒகூடாவின் அணியைச் சேர்ந்த ஜோர்டன் ஃபுல்லர் அள்ளிக்கொண்டு களத்தின் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்கு ஓடுகிறார். களத்து நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு: கேட்ச், ஃபம்பிள் (பிடித்து முடித்த பந்தைத் தவறவிடுவது; அதை எதிரணி எடுத்து ஓடலாம்), டச்டவுன் (பந்தோடு எண்ட் ஸோனுக்குள் போனதற்கு ஆறு புள்ளி). ரீப்ளே பார்த்தபின் வந்த தீர்ப்பு: கேட்சே இல்லை, முழுமையடையாத பாஸ் (பந்து தரையில் விழுந்ததும் செத்துவிடும், எடுத்து ஓட முடியாது), டச்டவுன் ரத்து. ஸ்லோமோஷனில் மூன்று அடி தெளிவாகத் தெரிகிறதே, தெளிவான ஆதாரம் இருந்தால்தானே மாற்ற வேண்டும், பிறகு எப்படி மாற்றினார்கள் என்று கேட்கிறீர்கள். மாற்றாமல் இருந்திருந்தால் ஒஹாயோ ஸ்டேட் ஜெயித்திருக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அது கேட்சா, இல்லையா என்பது ஒன்று. களத்தில் கேட்ச் என்று சொல்லிவிட்ட பிறகு அதை மாற்றியது சரியா என்பது இன்னொன்று. இந்த ஆட்டத்தைப் பற்றி நான் கேட்ட சண்டைகளில் முக்கால்வாசி, ஒருவர் முதல் கேள்விக்கும் எதிரே இருப்பவர் இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் வந்தவை. என் பதிலைச் சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்விக்கு உறுதியான விடை கிடையாது. இரண்டாவதற்கு உண்டு. மாற்றியிருக்கக் கூடாது.

நான் டெக்சாஸில் பல ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளி ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவன். இங்கே பள்ளி ஆட்டங்களும் சில விதிவிலக்குகள் போக கல்லூரி விதிப்புத்தகத்தின்படியே நடக்கின்றன. அதனால் கேட்ச் பற்றிய இந்த விதி எனக்குப் படித்துத் தேர்வெழுதிய விதி மட்டுமல்ல, விசில் வாயில் இருக்கும்போது ஒரு நொடிக்குள் பயன்படுத்த வேண்டிய விதி. ஆனால் ரீப்ளே அறை நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. அந்த அறையின் நெருக்கடியைப் பற்றி நான் சொல்வது, அங்கே உட்கார்ந்தவர்களிடம் பயிற்சி வகுப்புகளில் கேட்டறிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த "மூன்று அடி". கல்லூரி விதியில் அடிக்கணக்கே கிடையாது. நீங்கள் எண்ணுவது தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் கணக்கு. 2018-ல் என்எஃப்எல் தன் கேட்ச் விதியை மாற்றி எழுதியபோது, மூன்றாவது அடி வைப்பதையும் கேட்ச் முடிந்ததற்கான ஓர் அடையாளமாகச் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் பார்ப்பவர்கள் அதே அளவுகோலை சனிக்கிழமை கல்லூரி ஆட்டத்துக்கும் எடுத்து வந்துவிடுகிறார்கள். கல்லூரி விதி கேட்பது வேறு. பந்து தரையைத் தொடுமுன் கையாலோ புஜத்தாலோ உறுதியான கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். பிறகு உடம்பின் ஏதாவது ஒரு பகுதி எல்லைக்குள் தரையைத் தொட வேண்டும். அதன் பிறகு, ஆட்டத்தில் சாதாரணமாகச் செய்யக்கூடிய ஒரு செயலைச் செய்வதற்குப் போதுமான நேரம் அந்தக் கட்டுப்பாடு நீடிக்க வேண்டும். பந்தை இன்னொருவரிடம் கொடுப்பது, முன்னேறுவது, எதிராளியை விலக்கித் தள்ளுவது போன்றவை அந்தச் செயல்கள். அவர் அதைச் செய்தாக வேண்டும் என்பதில்லை, செய்யும் அளவுக்கு நேரம் இருந்தால் போதும். கடைசியில் ஒரு வரி வருகிறது: சந்தேகம் இருந்தால் அது கேட்ச் இல்லை. இந்தக் கடைசி வரிதான் இந்த வழக்கு முழுவதையும் சிக்கலாக்குவது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, இந்த அளவுகோலை ராஸ் மேல் வைத்துப் பார்ப்போம். பந்து கைக்கு வந்தது உறுதி. கால்கள் எல்லைக்குள் இருந்ததும் உறுதி. பந்து தரையைத் தொடுமுன் ஒகூடாவின் கை அதைப் பிடுங்கியது என்பதும் உறுதி. உறுதியில்லாதது ஒன்றே ஒன்றுதான்: "போதுமான நேரம்". அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதிலேயே தகராறு வந்துவிடும். பந்து கையில் பட்ட கணத்திலிருந்தா, கட்டுப்பாடு உறுதியான கணத்திலிருந்தா? விதிப்படி இரண்டாவதுதான். அப்படியானால் நீங்கள் எண்ணும் முதல் அடி, பந்து இன்னும் கைக்குள் அடங்கிக்கொண்டிருந்தபோது வைத்த அடியாக இருக்கலாம். அதைக் கழித்தால் மூன்று என்பது இரண்டாகிறது, மிச்சமும் ஒகூடாவின் கை பந்தின்மேல் ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருந்த நேரம் என்று ஒருவர் வாதிடலாம். இல்லை, பந்தைப் பிடித்து ஓட ஆரம்பித்துவிட்டார், ஓடுவது என்பதே முன்னேறுவதுதானே என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் விதிக்குள் நிற்கும் வாதங்கள். எனக்கு இது மெல்லிய அளவில் கேட்ச் பக்கம் சாய்வதாகவே படுகிறது. ஆனால் அந்தச் சாய்வை வைத்து எதிர்த்தரப்புக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஸ்லோமோஷன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை முழுவதும் அதன்மேல் நிற்கிறது. மெதுவாக ஓட்டிக் காட்டும் படம் சில கேள்விகளுக்கு அருமையான சாட்சி. கால் கோட்டை மிதித்ததா, பந்து புல்லைத் தொட்டதா, முழங்கால் தரையில் படும்போது பந்து எங்கே இருந்தது என்பவை எல்லாம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நடந்த சங்கதிகள். படத்தை நிறுத்தினால் விடை கிடைக்கும். அந்த ஆட்டத்திலேயே முதல் பாதியில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜே.கே. டாபின்ஸ் பிடித்ததாகக் கொடுக்கப்பட்ட டச்டவுன், பந்து தரையில் பட்டது தெரிந்ததால் ரத்தானது. வலிக்கும் தீர்ப்புதான், ஆனால் ரீப்ளே எதற்காக வந்ததோ அந்த வேலையை அது செய்தது. "போதுமான நேரம்" அப்படிப்பட்ட கேள்வி இல்லை. நேரத்தை அளக்க வேண்டிய இடத்தில் நேரத்தையே நீட்டிக் காட்டும் கருவியைக் கொண்டுவருகிறோம். நான்கு மடங்கு மெதுவாக ஓட்டினால் அரை நொடி இரண்டு நொடியாகிறது. இரண்டு நொடி கையில் வைத்திருந்தவர் பந்தைப் பிடிக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? அதனால்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள், தொட்டதா இல்லையா என்பதை மெதுவாகப் பார், பிடித்து முடித்தாரா என்பதை முழு வேகத்தில் பார் என்பார்கள். ராஸ் பந்தைப் பிடிக்கும் அந்தக் காட்சியை முழு வேகத்தில் மட்டும் திரும்பத் திரும்பப் பாருங்கள். பந்து வந்தது, போனது என்றுதான் தோன்றும். உங்கள் மூன்று அடி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆட்டம் முடிந்தபின் தலைமை நடுவர் செய்தியாளரிடம் கொடுத்த விளக்கத்திலும், மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பார்த்ததாகவும், பிடிக்கும் செயல் முழுமையடையவில்லை என்று முடிவு செய்ததாகவும்தான் சொன்னார். ஆகவே அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினார்கள் என்பது நியாயமான குற்றச்சாட்டு இல்லை.

அப்படியானால் நான் ஏன் மாற்றியது தவறு என்கிறேன்? ரீப்ளே அறைக்கு விதிப்புத்தகம் கொடுத்திருக்கும் வேலை "நீ என்ன நினைக்கிறாய்" என்று சொல்வது இல்லை. களத்தில் கொடுத்த தீர்ப்பு சரி என்பதுதான் ரீப்ளேயின் அடிப்படை அனுமானம். அது தவறு என்று வீடியோ எந்தச் சந்தேகமும் மிஞ்சாமல் காட்டினால் மட்டுமே மாற்றலாம். காட்டாவிட்டால் நிற்க விட வேண்டும். அதனால்தான் அறிவிப்பில் மூன்று வகை உண்டு. வீடியோ களத்தீர்ப்பை நிரூபித்தால் "உறுதிப்படுத்தப்பட்டது". எதிராக நிரூபித்தால் "மாற்றப்பட்டது". இரண்டும் இல்லாவிட்டால் "நிற்கிறது". இந்த மூன்றாவது வகை இருப்பதே, சில நிகழ்வுகளை வீடியோவாலும் தீர்க்க முடியாது என்று விதி எழுதியவர்கள் ஒப்புக்கொண்டதால்தான். ராஸின் அந்த நிகழ்வு இந்த மூன்றாவது பெட்டிக்காகவே பிறந்தது போன்றது. களத்தில் "கேட்ச் இல்லை" என்று விசில் ஊதியிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன்: அதையும் மாற்ற முடியாது, நிற்கட்டும் என்று.

இப்போது அந்தக் கடைசி வரி. சந்தேகம் இருந்தால் கேட்ச் இல்லை என்று கேட்ச் விதி சொல்கிறது. சந்தேகம் இருந்தால் களத்தீர்ப்பு நிற்கும் என்று ரீப்ளே விதி சொல்கிறது. களத்தில் கேட்ச் என்று சொல்லிவிட்டார்கள், ரீப்ளே பார்ப்பவருக்குச் சந்தேகம். எந்தச் சந்தேகம் வெல்லும்? மாற்றியது சரி என்பவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் வைக்கும் வாதம் இதுதான், அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வது: சந்தேகத்துக்குரிய கேட்ச் என்பது விதிப்படியே கேட்ச் இல்லை; ஆக, இது சந்தேகத்துக்குரியது என்பது எனக்கு உறுதியாகத் தெரிந்தால், இது கேட்ச் இல்லை என்பதும் எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது; அதனால் மாற்றலாம். கேட்க ஒழுங்கான தர்க்கம். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் நெருக்கமான எந்தக் கேட்சும் ரீப்ளேயில் நிற்கவே முடியாது. களத்தில் "கேட்ச்" என்று சொன்னவை எல்லாம் சந்தேகம் என்ற ஒரே காரணத்தால் விழும், "கேட்ச் இல்லை" என்று சொன்னவை எல்லாம் அசையாமல் நிற்கும். ரீப்ளே ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும் கதவாகிவிடும். என் புரிதலில், அந்தக் கடைசி வரி களத்தில் நிற்பவருக்கு எழுதப்பட்டது. உனக்கு ஒரு நொடிதான் இருக்கிறது, தெரியவில்லை என்றால் இந்தப் பக்கம் போ என்று சொல்வதற்காக. அவர் தன் சந்தேகத்தை அங்கேயே பயன்படுத்தித் தீர்த்துவிட்டார். மாடியில் ரீப்ளே பார்ப்பவர் அதே சலுகையை மறுபடியும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு எதிராக இன்னொரு நல்ல வாதம் உண்டு, அது என்னைப் போன்றவர்களின் வேலையிலிருந்தே வருகிறது. ரீப்ளே வந்த பிறகு களத்து நடுவர்கள் சந்தேகமான ஃபம்பிள்களில் விசிலை அடக்கிக்கொள்ளப் பழக்கப்படுகிறார்கள். காரணம் எளிது. ஆட்டத்தை ஓட விட்டால், அது கேட்ச் இல்லை என்று பின்னால் தெரிந்தால் பந்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம். விசில் ஊதி நிறுத்திவிட்டால், அது ஃபம்பிள்தான் என்று பின்னால் தெரிந்தாலும் ஃபுல்லர் ஓடிய ஓட்டத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆக, க்ளெண்டேலில் அந்தக் "கேட்ச், ஃபம்பிள்" தீர்ப்பே எவ்வளவு தூரம் கண்ணால் கண்டது, எவ்வளவு தூரம் வாசலைத் திறந்து வைப்பதற்காகச் சொன்னது என்று கேட்கலாம். அந்த நடுவரின் மனதில் இருந்ததை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் விதிப்புத்தகத்தில் நம்பிக்கையோடு கொடுத்த தீர்ப்புக்கு ஒரு எடை, வாசலைத் திறந்துவைக்கக் கொடுத்த தீர்ப்புக்கு வேறு எடை என்று கிடையாது. அறிவித்த தீர்ப்பு அறிவித்த தீர்ப்புதான்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. முன்பெல்லாம் தாழ்வாக வந்த கேட்சைப் பற்றிக் களத்து அம்பயர் முதலில் ஒரு "சாஃப்ட் சிக்னல்" கொடுப்பார். டிவி அம்பயரிடம் தெளிவான ஆதாரம் இல்லாவிட்டால் அதுவே தீர்ப்பு. அறுபது எழுபது யார்டு தள்ளி நிற்பவரின் ஊகத்துக்கு ஏன் அவ்வளவு எடை என்று கேள்வி எழுந்து, 2023 ஜூனிலிருந்து ஐசிசி அதை எடுத்தே விட்டது. கல்லூரி ஃபுட்பாலிலும் ஒரே ஒரு குற்றத்துக்கு இப்படிச் செய்திருக்கிறார்கள். தலையைக் குறிவைத்து மோதும் டார்கெட்டிங். 2019 சீசனிலிருந்து அதில் "நிற்கிறது" என்ற வகையே இல்லை. ஒவ்வொரு கூறும் வீடியோவில் உறுதியானால் தண்டனை, இல்லாவிட்டால் ரத்து. அதே ஃபியஸ்டா பௌலின் இரண்டாவது குவார்ட்டரில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஷான் வேட் ரீப்ளே பார்த்தபின் டார்கெட்டிங்குக்காக வெளியேற்றப்பட்டார். ஆக, களத்தீர்ப்புக்கான சலுகையை எடுத்துவிட வேண்டுமென்றால் எடுக்க வழி தெரியும். கேட்ச் விஷயத்தில் எடுக்கவில்லை. எடுக்காதவரை அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் என் நிலை.

இந்த நிலை ஒஹாயோ ஸ்டேட் பக்கம் சாய்ந்தது என்று நீங்கள் நினைத்தால், மூன்று ஆண்டு பின்னால் போங்கள். 2016 நவம்பர் 26, கொலம்பஸ், மிச்சிகனுக்கு எதிரான ஆட்டம், இரண்டாவது ஓவர்டைம். மிச்சிகன் 27, ஒஹாயோ ஸ்டேட் 24. நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி; பந்தைத் தக்கவைக்க ஒரு யார்டு வேண்டும். ஜே.டி. பேரட் பந்தோடு இடப்பக்கம் முட்டிப் போய் விழுகிறார். எட்ட வேண்டிய கோட்டைத் தொட்டார் என்று களத்தில் தீர்ப்பு. ரீப்ளே பார்த்தார்கள், மாற்றவில்லை. அடுத்த முயற்சியிலேயே ஒஹாயோ ஸ்டேட்டின் கர்ட்டிஸ் சாமுவேல் 15 யார்டு ஓடி முடித்துவிட்டார், 30-27. மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா நடுவர்களை வெளிப்படையாகச் சாடினார். இன்றுவரை அந்த இடத்தை "தி ஸ்பாட்" என்றே சொல்கிறார்கள். உடம்புகளுக்கு நடுவே பந்து மறைந்திருந்தது, கோட்டுக்கு நேர் எதிரே நின்று காட்டும் சுத்தமான காட்சி இல்லை. பேரட் எட்டவில்லை என்று மிச்சிகன்காரர்கள் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மாற்றுவதற்கான ஆதாரம் அங்கே இல்லை, மாற்றாமல் விட்டது சரி. 2016-ல் நிற்க விட்டது சரியென்றால் 2019-லும் நிற்க விட்டிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொண்டாடுகிறவர்கள் சட்டையின் நிறத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

சதி என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்லூரி அணிகள் பல கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன: ஒஹாயோ ஸ்டேட் பிக் டென் அணி, க்ளெம்சன் ஏசிசி அணி, நடுவர் குழு மூன்றாவது கூட்டமைப்பான எஸ்இசியிலிருந்து வந்தது. பொதுவான குழுவை வைப்பது சும்மா வந்த வழக்கம் இல்லை. 2006 செப்டம்பரில் ஓரிகன் மைதானத்தில் ஓக்லஹோமா தோற்ற ஆட்டத்தில், கடைசி நேர ஆன்சைட் கிக்கை (உதைத்த அணியே பந்தை மீட்க முயலும் குட்டை உதை) ரீப்ளே பார்த்தும் தவறாகவே விட்டார்கள். 34-33 என்று ஓரிகன் வென்றது. ஓரிகனின் கூட்டமைப்பான பேக்-10 தன் களத்துக் குழுவையும் ரீப்ளே நடுவரையும் ஒரு ஆட்டத்துக்கு நிறுத்தி வைத்தது. உள்ளூர் கூட்டமைப்பின் நடுவர்கள்தான் வர வேண்டும் என்ற அதன் விதிமேல் எல்லோரும் பாய்ந்தது அப்போதுதான். க்ளெண்டேலில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. விதியின் இரண்டு வரிகள் மோதும் இடத்தில் ஒருவர் தவறான வரியைப் பிடித்துக்கொண்டார் என்பதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

கடைசியாக, ஜெயித்திருப்பார்களா என்ற கேள்வி. அந்த டச்டவுன் நின்றிருந்தால் ஒஹாயோ ஸ்டேட் 22-21 என்று முன்னால் போயிருக்கும், கூடுதல் புள்ளிக்கு முயற்சியும் கையில் இருந்திருக்கும். அதற்கு மேல் சொல்வது எல்லாம் கற்பனை. ஏனென்றால் ரத்தான பிறகும் அவர்கள் நான்காவது குவார்ட்டரில் கிறிஸ் ஒலாவியின் டச்டவுனால் 23-21 என்று முன்னேறினார்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது ட்ராவிஸ் எட்டியேன் 34 யார்டு பாஸைப் பிடித்து ஓடி க்ளெம்சனை மீண்டும் முன்னே கொண்டுவந்தார், 29-23. கடைசியில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் எறிந்த பந்தை எண்ட் ஸோனில் க்ளெம்சனின் நோலன் டர்னர் பறித்ததோடு ஆட்டம் முடிந்தது. முதல் பாதியில் கோட்டருகே வரை போய் மூன்று முறை டச்டவுன் இல்லாமல், உதைத்து எடுக்கும் மூன்று புள்ளியான ஃபீல்ட் கோலோடு மட்டும் திரும்பியதையும் ஒஹாயோ ஸ்டேட் கணக்கில் எழுத வேண்டும். அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அந்தத் தீர்ப்பால்தான் தோற்றார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை.